11ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, வணக்கம்.

இணையப் பக்கத்தின் உள்ளடக்கத்தை அடுக்கும் எச்டிஎம்எல்லும் அதன் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸும் பள்ளியிலேயே, அதுவும் தமிழ்வழியிலும் கிடைப்பது பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. நான் இணையப் பக்கங்கள் செய்யும் வேலையில் இருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் டேக் (எச்டிஎம்எல் குறி) பெயர்களைக் கடகடவென்று சொல்கிறார்கள், ஆனால் வெறும் நோட்பேடைத் திறந்துவைத்து ஒரு பக்கம் செய்யச் சொன்னால் கை ஓடுவதில்லை. திறமை இல்லாமல் இல்லை. ஆய்வகத்தில் எல்லோரும் ஒரே நிரலை அடித்து, ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி வந்தவர்கள், அவ்வளவுதான்.

ரெக்கார்டு இருக்கட்டும், செய்முறைத் தேர்வும் இருக்கட்டும். வாரத்தில் ஒரு பாடவேளை மட்டும் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு சின்னப் பக்கம் செய்யட்டும். ஊர்ப் பேருந்து நேரங்களைப் போடச் சொன்னால் டேபிள் எதற்கென்று தனியாக விளக்க வேண்டியிருக்காது. வீட்டுக் குழம்பை எழுதச் சொன்னால் பொருள்களுக்கு யூஎல் (எண் இல்லாத பட்டியல்), செய்முறைக்கு ஓஎல் (எண் வரிசைப் பட்டியல்) என்று அவர்களே பிரித்துவிடுவார்கள். அப்புறம் எச்டிஎம்எல்லில் ஒரு வரிகூடத் தொடாமல் சிஎஸ்எஸ்ஸை மட்டும் மாற்றி, அதே பக்கத்தை வேறு தோற்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். 1994இல் ஹோகோன் வியூம் லீ சிஎஸ்எஸ்ஸை முன்மொழிந்தது எதற்காக என்பது அந்த ஒரு பயிற்சியிலேயே புரிந்துவிடும்.

இதைவிட முக்கியமானது, நீங்கள் திருத்துவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கும் மாணவர் அதைப் பார்க்க வேண்டும். சி++ நிரலில் அரைப்புள்ளி விட்டுப்போனால், நிரலை மொழிமாற்றும் கம்பைலர் நிறுத்திவிடும். எச்டிஎம்எல்லில் ஒரு டேக்கை மூடாமல் விட்டாலும் பிரவுசர் தானே சமாளித்துக் காட்டிவிடும், சிஎஸ்எஸ்ஸில் நிறம், அளவு போன்ற பண்பின் பெயரைத் தப்பாக எழுதினால் அந்த வரியை மட்டும் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். பிழை இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் தெரியும். ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேர் உட்காரும் ஆய்வகங்கள் நிறைய இருக்கின்றன, அது குறைதான், ஆனால் இந்த வேலைக்கு அதுவே வசதியாக அமையும்.

‘நல்லா இருக்கு’ என்பதைக் கருத்தாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். பார்ப்பவர் படக்கோப்பின் பெயரை மாற்றிவிட்டுப் பக்கத்தைத் திறக்கட்டும்: படம் வராது, அதைச் சொற்களில் சொல்லும் ஆல்ட் விவரமும் இல்லையென்றால் அங்கே என்ன படம் இருந்தது என்று தெரியாது, திரைவாசிப்பான் வைத்துக் கேட்கும் பார்வையற்றவருக்கு எப்போதுமே அந்த நிலைதான். செல்போனில் திறக்கட்டும்: பக்கத்தைத் திரை அகலத்துக்குப் பொருத்தும் வியூபோர்ட் வரி விட்டுப்போயிருந்தால் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாக வந்தால் எழுத்துக் குறியீட்டைச் சொல்லும் யுடிஎஃப்-8 வரி இருக்கிறதா என்று தேடட்டும். வரி இடைவெளியை ரொம்பக் குறைத்தால் மேல்வரி ‘ஞு’வின் காலும் கீழ்வரி ‘கி’யின் வளைவும் உரசும், ஆங்கில உதாரணத்தை அடித்துப் பார்ப்பவருக்கு இது கண்ணில் படவே படாது.

இதற்கு இணைய இணைப்புகூட வேண்டாம். இந்த ஆண்டு ஒரு பிரிவில் மட்டும் செய்து பாருங்கள், மாணவர்கள் ஒருவருக்கொருவர் எழுதும் குறிப்புகளை ஒரு நோட்டில் சேர்த்து வையுங்கள். அடுத்த ஆண்டு பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே அந்த நோட்டைக் கொடுக்கலாம்.

அன்புடன்,
இணையப் பக்கம் செய்யும் ஒருவர்