பவர் ஏத்துறவங்க முன்டயரையும் கொஞ்சம் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நம்ம மலேசியாவோட பழைய புரோட்டோன் வீரா, சத்ரியா காருக்கு டர்போ இன்ஜின் மாத்தி ஓட்டுற பசங்கள பத்தி போன ஞாயிறு நம்ம பேப்பர்ல வந்திருந்துச்சு, நல்லாவே இருந்துச்சு. ஆனா ஒரு காடி கெளம்பும்போது முன்டயர் ரெண்டும் பொகைய கக்குற படத்த ஏதோ பெரிய சாதனை மாதிரி போட்டிருந்தீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. பொக வருதுன்னா காடி போகலன்னு அர்த்தம். காசு குடுத்து வாங்குன பவர் ரோட்டுக்கு போய் சேராம டயர்லயே கரையுது. கிள்ளான்ல வொர்க்‌ஷாப் வச்சிருக்கேன், இந்த வேலையதான் தெனமும் பாக்குறேன், அதனால எழுதுறேன்.

வீரா 1993-ல வந்தது, மிட்சுபிஷி லான்சரோட அடிப்படையில செஞ்ச காடி. அதனாலதான் லான்சர் ஜிஎஸ்ஆர் ஹாஃப்கட்ல (ஜப்பான்ல வெட்டி இங்க எறக்குற பழைய காடியோட முன்பாதி) வர்ற 4ஜி93 டர்போ இன்ஜின் அதுக்குள்ள பெருசா வெட்டாம ஒட்டாம உக்காருது. 1.5 வீராவுக்கு கம்பெனி குடுத்தது சுமார் 90 குதிரைசக்தி, ஜிஎஸ்ஆர் இன்ஜினுக்கு 195, டார்க் (சுத்துற விசை) 270 நியூட்டன்மீட்டர், பழசப்போல ரெண்டு மடங்கு. இதுல யாரும் யோசிக்காத விஷயம் என்னன்னா ஜப்பான்ல அந்த ஜிஎஸ்ஆர் ஃபோர்வீல் டிரைவ். நாலு டயரும் பங்கு போட்டு இழுத்தத இங்க பின்பக்க ஷாஃப்ட், டிஃப் (ரெண்டு சக்கரத்துக்கும் டார்க்க பிரிச்சு குடுக்குற டிஃபரன்ஷியல்) எல்லாத்தையும் விட்டுட்டு ரெண்டு முன்டயர் தலையில கட்டுறோம், அது வழுக்காம என்ன செய்யும்.

எண்ணெய (ஆக்சிலரேட்டர) மிதிச்சதும் காடியோட கனம் பின்னாடி சாயும், மூக்கு தூக்கும். பின்சக்கரம் தள்ளுற காடிக்கு அது லாபம், முன்சக்கரம் இழுக்குற நம்ம காடிக்கு நட்டம், பிடி எப்ப ரொம்ப தேவையோ சரியா அப்பதான் முன்டயர் மேல கனம் கொறையுது. அதோட சாதா டிஃப் ரெண்டு பக்கமும் ஒரே அளவு டார்க்கத்தான் அனுப்பும், ஒரு டயர் மழையில நனைஞ்ச வெள்ளக்கோட்டு மேல ஏறிடுச்சுன்னு வைங்க, அது எவ்ளோ தாங்குதோ அவ்ளோதான் இன்னொரு டயருக்கும், மிச்சமெல்லாம் சும்மா சுத்துறதுக்குதான்.

வர்ற பசங்க மொதல்ல கேக்குறது எல்எஸ்டி (ஒரு டயர் மட்டும் வெறுமனே சுத்தாம பாத்துக்குற டிஃப்) போடலாமாண்ணேன்னுதான். நான் குனிஞ்சு டயர பாப்பேன். இன்ஜினுக்கு அவ்ளோ செலவு பண்ணிட்டு 17 இன்ச் ஸ்போர்ட் ரிம்ல இருக்குறதுலயே மலிவான டயர் மாட்டியிருப்பாங்க. டயர் பக்கவாட்டுல டிரெட்வேர்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், 400, 500-ன்னு இருந்தா பொதுவா நெறைய நாள் ஒழைக்கும் ஆனா பிடி கொறைச்சல், 200 பக்கம் வந்தா ரப்பர் மெத்துன்னு இருக்கும், நல்லா கவ்வும், சீக்கிரம் தேயும். 15 இன்ச் ரிம்ல 195 அகலத்துல நல்ல டயரா போட்டாலே பாதி பிரச்சினை அடங்கிடும். ஒன்னு, நல்லத முன்னாடி மாட்டிட்டு பின்னாடி மொட்ட டயர விட்டுடாதீங்க, மழையில வளைவுல பின்பக்கம் வீசிடும்.

அடுத்து, டயர் வெறுமனே சுத்துதா இல்ல தடதடன்னு குதிக்குதான்னு பாக்கணும். குதிக்குதுன்னா இன்ஜின தாங்குற மவுண்டிங்கும் சக்கரத்த பிடிக்குற லோவர் ஆர்மோட ரப்பர் புஷ்ஷும் செத்துப்போச்சுன்னுதான் மொதல்ல சந்தேகப்படணும். ஹாஃப்கட்டோட வர்ற மவுண்டிங் ரப்பர் அந்த இன்ஜின் வயசுதான, கெட்டியா பிடிக்குமா? இத கவனிக்காம ஓட்டுனா டிரைவ் ஷாஃப்ட் போகும், சில நேரம் கியர்பாக்ஸையும் சேத்து கொண்டு போயிடும்.

காடிய தரையோட தரையா எறக்குற பழக்கமும் இருக்கு. முன்னாடி ரொம்ப எறக்கி, டயர் மேல்பக்கம் உள்ள சாயுற மாதிரி கேம்பர் வச்சா பாக்க அழகுதான், ஆனா நேரா போகும்போது டயரோட உள் ஓரம் மட்டும்தான் ஒழுங்கா ரோட்ட தொடும். நம்ம காடிக்கு பின்பக்க அப்சார்பரும் ஸ்பிரிங்கும் கொஞ்சம் கெட்டியா இருக்கணும், அப்பதான் பின்னாடி உக்காந்து மூக்கு தூக்குறது கொறையும்.

பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள்ள தள்ளுற காத்தழுத்தம்) விஷயத்த சொன்னா பசங்களுக்கு மொகம் சுருங்கும். ஒன்னாவது கியர்ல கியர்பாக்ஸும் ஃபைனல் டிரைவும் சேந்து இன்ஜின் டார்க்க பத்து மடங்குக்கு மேல பெருக்குது, அங்க முழு பூஸ்ட் குடுத்து என்ன புண்ணியம்? ஒன்னு ரெண்டுல கம்மியா வச்சு மூணாவது கியர்லேர்ந்து முழுசா தெறக்குற மாதிரி இசியூல (இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) செட் பண்ணலாம், அப்படி பண்ண காடிதான் உண்மையில வேகமா கெளம்பும்.

இவ்ளோவும் செஞ்சப்பறம்தான் எல்எஸ்டி. தட்டுங்க உரசி பிடிக்குற பிளேட் டைப் நல்லா பூட்டும், ஆனா சத்தம் போடும், ஸ்டேரிங்க இழுக்கும், கியர் எண்ணெய் அடிக்கடி மாத்தணும். தெனம் வேலைக்கு போற காடிக்கு பல்சக்கரத்தாலயே பிடிக்குற ஹெலிக்கல் டைப்தான் என் சாய்ஸ். ஹோண்டா 1995-ல இன்டெக்ரா டைப்ஆர்ல கம்பெனியிலேயே போட்டது அதத்தான். 2002 ஃபோர்டு ஃபோக்கஸ் ஆர்எஸ்ஸுக்கும் அதே மாதிரி ஒன்னுதான், 215 குதிரைசக்தி முழுக்க முன்சக்கரத்துக்கு, அப்படியும் ஸ்டேரிங் கைய பிடிச்சு இழுக்குதுன்னு அதுக்கு பேர் வந்துச்சு. பெரிய கம்பெனிக்கே அந்த நெலமன்னா நம்ம வீராவ நெனச்சு பாருங்க.

வொர்க்‌ஷாப் வச்சிருக்கற அண்ணன் தம்பிங்களுக்கும் ஒரு வார்த்த. கொட்டேஷன்ல இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங்னு எழுதிட்டு நிறுத்திடாதீங்க, டயர், மவுண்டிங், பிரேக், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி, கிரான்ல (காடியோட பதிவுப் பத்திரம்) இன்ஜின் நம்பர் மாத்துறது எல்லாத்தையும் வெலையோட எழுதி கையில குடுங்க. கிரான்ல மாத்தாம ஓட்டி எங்கயாவது மோதிட்டா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சா யார கேக்குறது? மொத்த கணக்க பாத்துட்டு டர்போ வேணாம், டர்போ இல்லாத சாதா 1.8 4ஜி93 போதும்னு ஒரு தம்பி முடிவு பண்ணா அதுல கொறச்சல் ஒன்னும் இல்ல. சத்ரியா ஜிடிஐக்கு புரோட்டோனே போட்டது அதத்தான், சுமார் 140 குதிரைசக்தி, முன்டயர் ரெண்டும் அத தாராளமா தாங்கும்.

இப்படிக்கு,
வொர்க்‌ஷாப் வாசகர்,
கிள்ளான்