அறுபது ரூபாய் மீனும் அண்ணாச்சி கடை உப்பும்

செங்கோட்டை
ஜூலை 20

அன்புள்ள சாகுல்,

இங்கே எல்லோரும் நலம். உம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? மழைக்காலம் வந்தால் கூடுமே, வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கச் சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது உன் டீக்கடையில் கூட்டம் சேர்ந்து, பாதியில் வைத்துவிட்டாய். வைப்பதற்கு முன்னால் சிரித்த சிரிப்பு மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. "அறுபது ரூபா மீனுக்கு ஒரு மாசமா வைத்தியம் பாக்கியா? அந்தக் காசுக்குப் புனலூர் சந்தையில மத்தி வாங்கிப் பொரிச்சுத் திங்கலாம்லா" என்றாய். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து கரண்ட் இல்லை. கடையில் ஜெராக்ஸ் மெஷின் சும்மா கிடக்கிறது. தாளுக்கு மட்டும் இங்கே பஞ்சமில்லை.

உங்கள் கேரளப் பக்கம் கொட்டுகிற மழையில் மிச்சம்தான் ஆரியங்காவு கணவாய் வழியாக எங்களுக்குச் சாரலாக வருகிறது. குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சுகம். என் வீட்டு மீன்தொட்டிக்கு அதுதான் சனியன்.

இளையவள் கௌரி முழுப்பரீட்சை முடிந்ததும் கேட்டு வாங்கியது இரண்டு தங்கமீன்கள். உருண்டையாக, எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த நிறத்தில் ஒன்று. அதற்கு அதிரசம் என்று பெயர் வைத்தாள். கறுப்பாக, கண் பிதுங்கி இருந்தது நவ்வாப்பழம். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஜூன் நடுவில் வேறொரு கடையில் சின்னதாக ஒன்று மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்து, பையை அவிழ்த்து நேரே தொட்டியில் விட்டேன். தப்பு அங்கேதான் தொடங்கியது. புதிதாக வருகிற மீனை மூன்று நான்கு வாரம் தனியாக வைத்துப் பார்க்க வேண்டுமாம். நாங்களே மூச்சுத் திணறி வாழ்கிற வீட்டில் மீனுக்குத் தனி அறை எங்கே என்று அப்போது நினைத்தேன்.

ஐந்தாம் நாள் அதிரசம் தொட்டியின் அடியில் போய்ச் சரளைக் கல்லில் விலாவை உரசியது. மாடு தூணில் உரசுமே, அதே மாதிரி. மறுநாள் காலையில் வால் துடுப்பில் ரவையைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். ஒன்று சொல்லி வைக்கிறேன், உன் பேத்தி மீன் கேட்டால் உதவும். ஆண் தங்கமீனுக்கு முட்டை போடும் பருவத்தில் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும் வரிசையாக வெள்ளைப் புள்ளி வரும். அது நோய் இல்லை. உடம்பு, வால் என்று கண்ட இடத்தில் சிதறிக் கிடந்தால்தான் வெள்ளைப் புள்ளி நோய்.

பதறிப்போய் மீன் விற்கிற கடையில் கேட்டேன். கடையின் பெயர் வேண்டாம். ஒரு நீல மருந்துப் பாட்டில், மஞ்சள் காப்ஸ்யூல் நாலு, எல்லாம் சேர்த்து 220 ரூபாய். "ஹீட்டர் இல்லாமல் தேறாது சார், 450 ரூபாய்தான்" என்றும் சொன்னார். மூத்தவளுக்குக் கல்லூரிப் பணம் கட்டிய வாரம் அது. மெஷினுக்கு டிரம் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஹீட்டரைத் தள்ளிவிட்டு மற்றதை வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து செய்த காரியத்தைச் சொன்னால் நீ இன்னும் சிரிப்பாய். நோய் அழுக்கால்தான் வந்திருக்கும் என்று நினைத்து, தொட்டி, கல், பில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் வைத்துப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்த்துக் கழுவினேன். ஸ்பாஞ்சைப் பிழியப் பிழியக் காப்பி நிறத்தில் வந்தது. வெள்ளைத் தண்ணீர் வரும்வரை விடவில்லை. அப்புறம் புதுத் தண்ணீர், நீல மருந்து. தொட்டி பார்க்க லட்சணமாக இருந்தது. மூன்றாம் நாள் மூன்று மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அன்று ராத்திரி புதிய குட்டி செத்தது. விடியும்போது நவ்வாப்பழம் பக்கவாட்டில் மிதந்தது. கௌரி ஒன்றும் பேசாமல் பள்ளிக்கூடம் போனாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நம் கடைக்கு எப்பேர்ப்பட்ட ஆளெல்லாம் வருகிறான் பார். அன்று மத்தியானம் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன், இங்கே அத்தை வீட்டுக்கு வந்தவன், தன் நோட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தான். தாளில் மீன் படம் தெரிந்ததும் வாயைக் கொடுத்தேன். அரை மணி நேரம் நின்று சொன்னான். அவனிடம் காசு வாங்கவில்லை.

மீன்களைக் கொன்றது புள்ளி இல்லை, என் சுத்தம். அந்தக் காப்பி நிற அழுக்கில்தான் தொட்டியைக் காப்பாற்றுகிற பாக்டீரியா குடியிருக்கிறதாம். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விடும். தங்கமீன் கொஞ்சம் அதிகமாகவே விடும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது அந்தக் கூட்டம்தான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பாதியைக் கொன்றேன். மிச்சத்தை நீல மருந்து பார்த்துக்கொண்டது. தன் மூத்திரத்திலேயே மூழ்கி மூச்சு முட்டியது என்று வைத்துக்கொள். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு தடவை லேசாகப் பிழிந்தால் போதும் என்றான்.

வெள்ளைப் புள்ளியைப் பற்றி அவன் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தப் புள்ளி ஒரு ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. தோலுக்குள் புகுந்து, மேலே ஒரு போர்வை மாதிரி தோலையே மூடிக்கொண்டு தின்னும். உள்ளே இருக்கும்வரை உப்பும் ஒன்றும் செய்யாது, மருந்தும் ஒன்றும் செய்யாது. கொழுத்ததும் தானே உதிர்ந்து அடியில் விழுந்து, கல்லில் ஒட்டிக் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரியும். கூடு உடைந்து குஞ்சுகள் நீந்தி அடுத்த மீனைத் தேடும். இரண்டொரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் சாகும். நாம் அடிக்க முடிவது நீந்துகிற அந்த நேரத்தில் மட்டும்தான். வெயில்காலத் தண்ணீரில் நாலைந்து நாளில் முடிகிற இந்தச் சுற்று சாரல் குளிரில் பத்து நாள்கூட இழுக்கும். ஹீட்டர் எதற்கு என்றால் சுற்றை வேகமாக ஓட்டிச் சீக்கிரம் முடிக்கத்தான். ஹீட்டர் இல்லையா, நாள் கூடும், அவ்வளவே. தங்கமீன் குளிரைத் தாங்குகிற ஜாதி. எனக்கு நாளைக்கு என்ன பஞ்சம்?

அப்படி உப்புக்கு வந்தோம். லிட்டருக்கு 3 கிராம், தங்கமீன் தாங்கும். தொட்டியில் தண்ணீர் 45 லிட்டர். ஆக 135 கிராம், அதையும் ஒரேயடியாகப் போடாமல் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் மூன்று பங்காக. நேரே அண்ணாச்சி கடைக்குப் போய், கல் உப்பு 45 கிராமாக மூன்று பொட்டலம், 30 கிராமாகப் பத்துப் பொட்டலம் என்றேன். அண்ணாச்சி தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன வே, உப்பா தங்கமா? கிலோ பாக்கெட்ட வாங்கிட்டுப் போயி வீட்ல போட்டுக்கிடும்" என்றார். விஷயத்தைச் சொன்னதும் எலக்ட்ரானிக் தராசில் ஒவ்வொரு கல்லாக வைத்து எடுத்து நிறுத்தார், கடையில் நாலு பேர் காத்திருக்க. 44 காட்டினால் இன்னொரு கல். 46 காட்டினால் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். பொட்டலத்துக்கு மேலே பேனாவால் எண் வேறு போட்டுக் கொடுத்தார்.

அந்த முப்பது கிராம் பொட்டலங்கள் தண்ணீர் மாற்றுவதற்கு. உப்பு ஆவியாகிப் போகாது, நாம் எடுக்கிற தண்ணீரோடு மட்டும்தான் போகும். பத்து லிட்டர் எடுத்தால் முப்பது கிராம் திரும்பப் போட வேண்டும், ஆவியாகிக் குறைந்ததற்கு வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டும். இந்தக் கணக்கைத்தான் நிறையப் பேர் விடுகிறார்களாம்; ஊற்றும்போதெல்லாம் உப்பும் போட்டுத் தொட்டியைக் கடலாக்கிவிடுகிறார்கள்.

பாசிச் செடிக்கு உப்பு ஆகாது என்று முதலில் அதை எடுத்து வாளியில் போட்டேன். சரளைக் கல்லையும் மொத்தமாக வெளியே எடுத்தாயிற்று, கூடு ஒட்ட இடம் குறையட்டும் என்று. அடியில் விழுந்ததை உறிஞ்சி எடுக்கக் கடையில் சைபன் விற்கிறது. எதிர்வீட்டுக் கொத்தனார் மட்டம் பார்க்கிற லெவல் ட்யூபைக் கொடுத்தார். ஒரு நுனியைத் தொட்டியில் வைத்து மறுநுனியை வாயால் இழுத்தால் தண்ணீர் வந்துவிடும். உப்புத் தண்ணீர் எத்தனை தடவை தொண்டைக்குள் போயிற்று என்று கேட்காதே. புதுத் தண்ணீருக்குக் குழாயை நம்பவில்லை. கிணற்றில் இறைத்து, வாளிக்கு வாளி உயரத் தூக்கி, நீ டீ ஆற்றுவாயே, அதேபோல் இருபது தடவை ஆற்றி, ராத்திரி முழுக்க வைத்து மறுநாள் ஊற்றினேன். தொட்டித் தண்ணீரின் குளிரும் வாளியின் குளிரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் காரணம். ஒரு தெர்மாமீட்டர் மட்டும் 80 ரூபாய்க்கு வாங்கினேன். 23 காட்டியது. குளிரும் சூடும் மாறி மாறி அடிக்காமல் இருக்கத் தொட்டியின் மூன்று பக்கமும் டிவி பெட்டியில் வந்த தெர்மோகோலை ஒட்டி வைத்தேன்.

உப்புப் போட்ட மூன்றாம் நாள் புள்ளி இரண்டு மடங்கானது. பையன் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தான், இல்லாவிட்டால் மறுபடியும் கடைக்கு ஓடியிருப்பேன். உள்ளே இருந்தவை வளர்ந்து கண்ணுக்குத் தெரிகின்றன, அவ்வளவுதான். இரண்டு நாள் இரை போடவில்லை. அப்புறம் அவித்த பச்சைப் பட்டாணி ஒன்றே ஒன்று, தோலை உரித்து, நகத்தால் நசுக்கி. கௌரிதான் போடுவாள்.

ஒரு ராத்திரி காற்றில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போயிற்று. ஏர் மோட்டார் நின்றது. பில்டரும் இன்னும் தேறவில்லை. அதிரசம் மேலே வந்து வாயைத் திறக்க ஆரம்பித்தது. சங்கரி மெழுகுவத்தியைப் பிடிக்க, நான் செம்பில் தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து தொட்டியிலேயே திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை, தடவைக்கு ஐம்பது செம்பு. மூன்று மணிக்குக் கை மாறினாள். "எங்க அப்பாவுக்குக்கூட நீங்க இப்படி முழிச்சிருக்கல" என்றாள். பதில் சொல்ல வழியில்லை, உண்மைதானே. நாலரைக்குக் கரண்ட் வந்தது.

பத்தாம் நாள் புள்ளி ஒன்றுகூட இல்லை. நிறுத்திவிடலாம் என்று கை பரபரத்தது. ஆனால் அடியில் கூடு இருக்குமே? கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் பத்து நாள் உப்பு அப்படியே இருந்தது. இப்போதுதான் தண்ணீர் மாற்றும்போது பொட்டலத்தைச் சேர்க்காமல் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைத்து வருகிறேன். இன்னொன்று, உப்பு இருந்ததால் நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதும் குறைந்ததாம். பில்டர் தேறும்வரை தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். கணக்கு: உப்பு அரைக் கிலோவுக்குள், தெர்மாமீட்டர் 80, அழிச்சாட்டியம் பண்ணின நீல மருந்து வகையில் 220. தொட்டி மூலையில் பசை ஒட்டிய இடமெல்லாம் இன்னும் நீலமாகவே இருக்கிறது.

நடுவில் பக்கத்து வீட்டார், "கொண்டுபோய்க் குண்டாத்துல விட்டுட்டு வாங்க, புண்ணியம்" என்றார்கள். அதை மட்டும் செய்யக் கூடாது. நோயும் சேர்ந்தல்லவா ஆற்றுக்குப் போகும்? ஆற்று மீனுக்கு யார் உப்பு நிறுத்துப் போடுவது?

குளத்துப்புழை ஞாபகம் இருக்கிறதா? எட்டாம் வகுப்பில் என் கையில் மரு வந்தபோது உன் வாப்பா லாரியில் நம் இரண்டு பேரையும் கூட்டிப் போனார். சாஸ்தா கோயில் படித்துறையில் மீனுக்குப் பொரி போட்டால் தோல் வியாதி போகும் என்று ஆச்சி சொல்லிவிட்டது. கருத்த பெரிய மீன்கள் நம் கால்மேல் ஏறிப் பொரி தின்றன, நீ பயந்து படியில் ஏறிக்கொண்டாய். மரு போயிற்றா, தானாக உதிர்ந்ததா தெரியாது. சாமி கோயில் மீனுக்கு உன் வாப்பாதான் பொரி வாங்கிக் கொடுத்தார் என்பது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கும் முந்தி, வயல் வாய்க்காலில் துண்டைப் பிடித்துச் சிவப்பாக மொய்த்த விரால் குஞ்சைத் தங்கமீன் என்று நினைத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் வளர்த்தோமே, அதுவும் எழுதும்போது வருகிறது. நாலாம் நாள் எல்லாம் செத்தன. அப்போது யார் நமக்கு அம்மோனியாவைச் சொன்னார்கள்?

மத்தியைப் பொரித்துத் தின்னலாம் என்றாயே, அதற்குப் பதில் இதுதான்: மத்தியும் தின்னலாம், இதையும் பார்க்கலாம். நானே பையை அவிழ்த்து விட்ட நோய். இரண்டைக் கொன்றாயிற்று, மூன்றாவதையும் விட்டுவிட்டுக் கௌரி முகத்தில் எப்படி விழிக்க?

அதிரசத்தின் வால் நுனி கிழிந்துதான் இருக்கிறது. கிழிந்த இடத்தில் கண்ணாடித்தாள்போல் புதிதாக வளர்கிறது. தனியாகச் சுற்றுகிறது. துணைக்கு ஒன்று வாங்கச் சங்கரியே சொல்லிவிட்டாள்.

ஆடி முடிவதற்குள் உம்மாவையும் கூட்டிக்கொண்டு ரயிலில் வா. பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று உம்மா போனில் கேட்டார்கள். சிப்ஸ் எல்லாம் வேண்டாம். புனலூர் சந்தையில் மீன் வருகிற தெர்மோகோல் பெட்டி, ஓட்டை இல்லாததாக, மூடியோடு ஒன்று வாங்கி வா. புது மீனைத் தனியாக வைக்க அதுதான் வசதி. சோப்புப் போட்டுக் கழுவிவிடாதே, சோப்பு பெட்டியிலேயே ஊறிவிடும். உப்புத் தண்ணீரில் இரண்டு தடவை அலசி வெயிலில் காயவைத்தால் போதும். உங்கள் ஊரில் வெயில் எட்டிப் பார்க்கிறதா?

அன்புடன்,
முத்தையா