தவணையில் வீடு விற்போர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வங்கிக் கடன் கிடைக்காத ஒருவரிடம் முன்பணம் மட்டும் பெற்று, வீட்டையும் ஒப்படைத்துவிட்டு, மீதியை மாதத் தவணையில் வாங்கிக்கொள்ளச் சிலர் சம்மதிக்கிறார்கள். இதில் வாங்குபவருக்குள்ள ஆபத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு விற்பவரின் ஆபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கிரய ஒப்பந்தம் பதிவாகி வீடும் கைமாறிவிட்டால், தம் கடமையை நிறைவேற்ற முன்வரும் வாங்குபவர் வீட்டைத் தம் வசம் வைத்திருக்கும் உரிமையைச் சொத்து மாற்றச் சட்டத்தின் 53ஏ பிரிவு பாதுகாக்கிறது. முழுத் தொகையும் வருமுன்பே விற்பவரிடம் மூலதன ஆதாய வரியும் (சொத்தை விற்ற லாபத்துக்கான வரி) கேட்கப்படலாம். நம்பிக்கையின் பேரில் கிரயப் பத்திரத்தையே முதலில் பதிவுசெய்து கொடுத்தவரின் நிலை இன்னும் மோசம். பாக்கி வரவில்லை என்பதற்காக மட்டும் பத்திரத்தை ரத்து செய்ய முடியாது, வழக்குத் தொடர்ந்து பணத்தைத்தான் கேட்க வேண்டும் என்று 2020இல் தாஹிபென் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வீட்டின் மேலுள்ள பழைய வங்கிக் கடனை வாங்குபவரே கட்டுவதாக வாய்மொழியாகப் பேசிக்கொள்வதும் (இதைத் தரகர்களே யோசனையாகச் சொல்கிறார்கள்) வீண்தான். தவணை தவறினால் வங்கி தேடி வருவது கடன் பெற்றவரைத்தான்.

பாக்கியைப் பத்திரத்திலேயே குறிப்பிட்டு, அதற்கு அந்த வீட்டையே அடமானமாகப் பதிவுசெய்துகொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. செலவுக்கு அஞ்சி அதைத் தவிர்ப்பவர்கள் அறியும்படி, பதிவுத்துறை இவ்விவரங்களை எல்லாச் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் எளிய தமிழில் அறிவிப்பாக வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை.