பொருள்: மருத்துவமனை பில்லில் ஒரு வரிக்கு விளக்கம் கேட்டு 7 வாரமாக அலைவது குறித்து

மதிப்பிற்குரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவன வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது என் நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. இதையாவது யாராவது முழுதாகப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவின் பித்தப்பை ஆபரேஷன் பில்லில் பாதிதான் உங்களிடமிருந்து வந்தது. செட்டில்மென்ட் தாளில் 'விகிதாசாரக் கழிவு' என்று போட்டிருந்தது. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன், அவ்வளவுதான். பில்லைப் புரியவைப்போம், அன்றாட உடல்நலச் சந்தேகங்களுக்கும் பதில் சொல்வோம் என்று சொல்லித்தானே இந்தத் திட்டத்தைக் கொடுத்தீர்கள்?

போனில் பேசியவர், "பாலிசில போட்டிருக்கு, பாருங்க" என்றார். 64 பக்கத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "படிச்சவர்தானே சார் நீங்க?" என்று சொல்லி லைனை வைத்துவிட்டார். ஸ்பீக்கரில் அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். "என்னாலதானே உனக்கு இந்தப் பேச்சு" என்றவர் அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை.

கடைசியில் மருத்துவமனை பில்லிங் கவுண்டரில் இருந்த ஒரு அம்மாதான் கவரின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். அறை வாடகைக்கு வரம்பு உண்டு. அப்பா இருந்த அறையின் வாடகை அதைப்போல இரண்டு மடங்கு. அதனால் வாடகை மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்சிங் எல்லாவற்றுக்கும் காப்பீட்டில் பாதிதான் கிடைக்குமாம். 5 நிமிடம்கூட ஆகவில்லை அவருக்கு. அட்மிஷன் அன்றே உங்களுக்குப் போன் செய்து, இந்த அறை எடுக்கலாமா என்று கேட்டேனே! "தாராளமா எடுங்க, கேஷ்லெஸ்தான்" என்றார்களே! வரம்பு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சின்ன அறைக்கே போயிருப்போம். வாழ்நாள் சேமிப்பே போய்விட்டது.

பாலிசிதாரர் நேரில் வர வேண்டும் என்றீர்கள். ஆபரேஷன் முடிந்து 9 நாள்தான் ஆகியிருந்தது. லிஃப்ட் ஓடவில்லை, வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்தபடி மூன்று மாடி ஏறினார் அப்பா. இரண்டரை மணி நேரம் காத்திருந்த பிறகு, டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரிஜினல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரிஜினல் உங்களிடம்தான் இருக்கிறது. உங்கள் முத்திரை வைத்த ரசீதைக் காட்டியும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அம்மாவின் ஹெச்பிஏ1சி 7.4 என்று வந்தபோது, "சாப்பிட்டுட்டு எடுத்திருப்பீங்க, வெறும் வயித்துல திரும்ப எடுங்க" என்றார் உங்கள் ஆலோசகர். இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் டெஸ்ட் அது. வெறும் வயிறு தேவையே இல்லை. 6.5 தொட்டாலே சர்க்கரை நோய்க்கான அளவு. அவர் பேச்சை நம்பி மூன்று வாரம் டாக்டரிடம் போகாமல் இருந்துவிட்டார் அம்மா. இதற்கு யார் பொறுப்பு?

தயவுசெய்து கழிவுக் கணக்கை வரிவரியாக எழுத்தில் கொடுங்கள். தவறான தகவலால் கழிந்த தொகையைத் திருப்பித் தாருங்கள். அப்பாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். 10 நாளில் பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும், அங்கிருந்து நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போவேன். உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று ஒவ்வொரு முறையும் நீங்களே சொல்கிறீர்கள். அட்மிஷன் அன்று நான் பேசியதும் அதில் இருக்கும். அழித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பாலிசிதாரரின் மகன்