வீட்டு ஏசி பொருத்தும் செலவை முன்கூட்டியே எழுத்தில் தரச் செய்யக் கோரும் மனு

2025 பங்குனி மாதம்

அனுப்புநர்:
கல்லடி, ஆரையம்பதி, வவுணதீவு பகுதிகளில் வசிக்கும், கீழே கையொப்பமிட்டுள்ள குடும்பங்கள்

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

விடயம்: வீடுகளில் ஏசி பொருத்தும்போது சொல்லாமல் ஏற்றப்படும் செலவுகள் தொடர்பானது

மதிப்புக்குரிய ஐயா/அம்மணி,

ஏசி வாங்க மானியம் கேட்டு நாங்கள் இந்த மனுவை எழுதவில்லை. கடையில் ஒரு விலையைச் சொல்லிவிட்டு, சுவரில் துளை போட்ட பிறகு இன்னொரு விலையைச் சொல்கிறார்கள். இந்த வழக்கம் நிற்க வேண்டும். வேலை தொடங்குமுன் முழுச் செலவையும் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று மாவட்ட மட்டத்தில் ஓர் ஒழுங்கைக் கொண்டுவாருங்கள். எங்கள் முதல் கோரிக்கை அதுதான்.

ஏசி இன்னும் பணக்காரர் வீட்டுச் சாமான்தானே என்று யாராவது சொல்லக்கூடும். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று வீசும்போது எங்கள் வீடுகளுக்கு ஒருமுறை வந்து பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். தென்மேல் பருவக் காற்று தன் மழையை மலைநாட்டின் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, வறண்டு சூடாகி எங்கள் பக்கம் இறங்குகிறது. வளிமண்டலவியல் திணைக்களம் கிழக்கு மாகாணத்துக்கு வெப்ப எச்சரிக்கை விடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எங்களில் பலருடைய வீடு அஸ்பெஸ்டஸ் சீற் கூரை போட்டது; அடியில் சீலிங்கூட இல்லை. பகல் முழுக்கக் காயும் சீற் சூட்டை அறைக்குள் இறக்கும். மின்விசிறி அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றி அடிக்கும். கையொப்பமிட்டவர்களில் ஒருவர் பக்கவாதத்தால் படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொள்கிறார். இன்னொருவர் வீட்டில் குறைமாதத்தில் பிறந்த குழந்தை. சீலிங் அடிப்பதும் கூரைக்கு வெள்ளை பூசுவதும் ஏசியை விட மலிவு என்பது எங்களுக்கும் தெரியும். முடிந்தவர்கள் செய்தும் இருக்கிறார்கள். இந்த இரண்டு வீட்டுக்கும் அது போதவில்லை.

ஓர் அறைக்குப் போதுமான 12,000 பி.டி.யூ. (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசியின் விலையைக் கடையிலேயே தெரிந்துகொள்ளலாம், நாலு கடை ஏறி ஒப்பிட்டும் பார்க்கலாம். 2024 தை மாதத்திலிருந்து வற் (பெறுமதி சேர்) வரி 18 வீதம் என்பதும் தெரிந்ததே. அதுவரை எங்களுக்கு முறைப்பாடு இல்லை. பிரச்சினை "இலவசமாகப் பொருத்தித் தருவோம்" என்ற வாசகத்தில்தான் தொடங்குகிறது. அந்த இலவசத்துக்குள் பெரும்பாலும் சுமார் பத்து அடி செப்புக் குழாய்தான் அடங்கும். எங்கள் வீடுகளில் படுக்கையறை நடுவில் இருக்கும், வெளி யூனிட்டைப் பின்வளவில்தான் வைக்கலாம். பத்து அடி எந்த மூலைக்கும் எட்டாது. அதற்கு மேல் ஒவ்வோர் அடிக்கும் காசு. குழாயைச் சுற்றும் உறைக்கு வேறு, வெளி யூனிட்டைத் தாங்கும் ஸ்டாண்டுக்கு வேறு, தண்ணீர் வடியும் குழாய்க்கு வேறு, பிரேக்கருக்கு வேறு, ஏணி வைத்து ஏறினால் அதற்கும் வேறு. எங்களில் ஒருவர் தவணைக்கு ஏசி எடுத்தார். கடையில் பேசிய விலைக்கு மேல் ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு இந்தச் சில்லறைச் சாமான்களுக்கே போய்விட்டது. பாதியில் நிறுத்தவும் முடியவில்லை, சுவர் ஏற்கனவே துளைபட்டு நின்றது. பற்றுச்சீட்டு கேட்டதற்கு, வேலைக்கூலிக்குச் சீட்டு கொடுக்கும் வழக்கமில்லை என்றார்கள்.

கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கிறது, சரி. ஆனால் வீட்டுக்குள் நடக்கும் வேலைக்கு அதை யார் வந்து பார்க்கிறார்கள்?

"காஸ் போட்ட காசு" என்ற ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏமாற்று அதிகம் நடப்பது அதில்தான். புதிய ஏசியின் வெளி யூனிட் தொழிற்சாலையிலேயே குளிரூட்டும் காஸ் நிரப்பித்தான் வருகிறது. எத்தனை மீற்றர் குழாய் வரைக்கும் அந்தக் காஸ் போதும் என்பது யூனிட்டோடு வரும் கைநூலில் இருக்கும். அந்த நீளத்தைத் தாண்டினால்தான் மேலதிகமாகப் போட வேண்டும். அப்படியிருந்தும் புத்தம்புதிய ஏசிக்குக் காஸ் போட்டதாகச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். செய்ய வேண்டிய வேலையையோ விட்டுவிடுகிறார்கள். குழாய்களைப் பூட்டிய பிறகு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வக்யூம் பம்ப் வைத்து இழுத்து எடுக்க வேண்டும். அந்தப் பம்ப் ஏசி பொருத்த வரும் எல்லாப் பாஸ்மாரிடமும் இல்லை. சிலர் யூனிட்டில் இருக்கும் காஸைக் கொஞ்சம் திறந்துவிட்டு, காற்று வெளியே போய்விட்டது என்பார்கள். உள்ளே தங்கும் ஈரம் கம்பிரசர் எண்ணெயைக் கெடுக்கும். அது பழுதாகும்போது பொருத்தியவரின் தொலைபேசி வேலை செய்யாது. இப்போது வரும் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32 காஸ். பழைய ஆர்-22ஐ விட அழுத்தம் கூடியது, ஓரளவு தீப்பற்றக்கூடியதும்கூட. பழைய ஆட்கள் பழைய கருவிகளோடு இதைத் தொடுவதைப் பார்க்க எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

வயரிங்கும் அப்படித்தான். வீடமைப்புத் திட்ட வீடுகளில் லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்ட மெல்லிய வயரிலேயே ஏசியையும் கொழுவிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏசிக்கு மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், சரியான ஏர்த் வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதையே கழற்றிவிடச் சொன்ன பாஸ் ஒருவரும் உண்டு. தனி வயருக்கு ஆகும் செலவை முதலிலேயே சொல்லியிருந்தால், ஏசியைச் சிறியதாக எடுத்து மிச்சத்தை வயருக்குப் போட்டிருப்போம்.

கல்லடிப் பக்கத்தார் கடற்காற்றைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். உப்பு வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகளைச் சில வருடங்களிலேயே அரித்துவிடுகிறது. துருத்தடுப்புப் பூச்சுள்ள யூனிட்டும் இருக்கிறது என்பதை வாங்கும்போது எவரும் சொல்வதில்லை. வவுணதீவுப் பக்கத்தாரின் குறை வேறு: மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை என்றாலே போக்குவரத்துக் கூலி ஏறிவிடும். சர்வீஸுக்கு வரச் சொன்னாலும் அதே கூலி மறுபடியும்.

கரண்ட் பில்லைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம். 2025 தை மாதம் கட்டணம் 20 வீதம் குறைந்தது ஆறுதல்தான். இருந்தாலும் மின்சாரம் குறைவாக எடுக்கும் இன்வெர்ட்டர் ஏசிகூட இரவில் 8 மணி நேரம் ஓடினால் 5, 6 அலகு எடுக்கும். மாதத்துக்கு 150 முதல் 180 அலகு. வீட்டின் வழமையான பாவனையும் சேரும்போது 180ஐத் தாண்டி, அலகுக்கு அதிக கட்டணமுள்ள கடைசிப் படிக்குள் விழுந்துவிடுகிறோம், நிலையான கட்டணமும் கூடுகிறது. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. கட்டணத்தைத் தீர்மானிப்பது தங்கள் அலுவலகம் அல்ல என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால் அதைக் கோரிக்கையாக வைக்கவில்லை.

தங்களால் ஆகக்கூடியவை என்று நாங்கள் நினைப்பவற்றையே கேட்கிறோம். மாவட்டத்தில் ஏசி விற்போரையும் பொருத்துவோரையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் மாவட்ட உத்தியோகத்தர்களோடு ஒரு கூட்டத்துக்கு அழையுங்கள். துளை போடுமுன் வீட்டைப் பார்த்து, குழாய் நீளம், அடிக்கு என்ன விலை, ஸ்டாண்ட், வயர், பிரேக்கர், காஸ், போக்குவரத்து எல்லாம் எழுதிய ஒரு தாளை வாடிக்கையாளரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்கும் முறை அந்தக் கூட்டத்தில் முடிவாக வேண்டும். தாள் தமிழில் இருக்க வேண்டும். அதில் இல்லாத எதற்கும் பிறகு காசு கேட்கக்கூடாது. வக்யூம் பம்ப் பாவிக்கப்பட்டதா என்பதற்கும் அதில் ஒரு கட்டம் வேண்டும்.

அப்புறம், குளிரூட்டல் துறையில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற்ற நம் மாவட்ட இளைஞர்களின் பட்டியலைப் பிரதேச செயலகங்களில் ஒட்டுங்கள். படித்த பிள்ளைகள் வேலையில்லாமல் வளைகுடாவுக்குப் போகக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், நாங்களோ தகைமை தெரியாதவர்களுக்குக் காசு கொடுக்கிறோம். ஏற்கனவே அனுபவமுள்ள பாஸ்மாரை விரட்டச் சொல்லவில்லை. அவர்களில் நல்ல கைகள் பல உண்டு. ஆர்-32 பற்றியும் வயரிங் பாதுகாப்புப் பற்றியும் தொழிற்பயிற்சி நிறுவனங்கள் வழியாக அவர்களுக்கு ஒரு குறுகிய பயிற்சி கொடுத்து, அவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். படுவான்கரையிலிருந்து இரண்டு, மூன்று பேராவது அதில் இருந்தால் போக்குவரத்துக் கூலிப் பிரச்சினையும் தானாகக் குறையும்.

கச்சான் தொடங்குமுன், சித்திரைப் புத்தாண்டு விற்பனையில்தான் பலர் ஏசி வாங்குகிறார்கள். ஆகவே கூட்டத்தைப் புத்தாண்டுக்கு முன் வைக்க முடிந்தால் பெரிய உதவி. பற்றுச்சீட்டு கிடைத்தவர்களின் சீட்டுகளையும், கிடைக்காதவர்கள் கைப்பட எழுதிய செலவுக் குறிப்புகளையும் இத்துடன் இணைத்துள்ளோம். எங்கள் சார்பில் மூவர் நேரில் வந்து விளக்கத் தயாராக உள்ளனர். பொதுமக்கள் தினம் ஒன்றில் நேரம் ஒதுக்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கையொப்பமிட்டுள்ள குடும்பத்தினர்

பிரதிகள்:
பிரதேச செயலாளர்கள், மண்முனை வடக்கு, மண்முனைப்பற்று, மண்முனை மேற்கு
நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, மாவட்டப் பிரிவு, மட்டக்களப்பு