சர்வரை அணையுங்கள், நாங்கள் வாங்கியதை விட்டுவிட்டுப் போங்கள்

வீடியோ கேம்ஸ் யூரோப் அமைப்பின் பொறுப்பாளர்களுக்கும், அதன் உறுப்பினர்களான கேம் வெளியீட்டு நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

2026 ஜனவரி 12 அன்று, இணையத்தோடு மட்டுமே ஆடக்கூடிய அன்தெம் கேமின் சர்வர்கள் நிறுத்தப்பட்டன. பின்னணியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதை விற்ற எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் உங்கள் அவையில்தான் அமர்ந்திருக்கிறது. அரை ஆண்டு முன்பே தேதியை அறிவித்தார்கள், சொன்ன தேதியில் நிறுத்தினார்கள். முறைப்படி எல்லாம் சரி.

அன்தெம் குறையில்லாத கேம் என்று யாரும் சொல்ல மாட்டோம். கதை பாதியில் தளர்ந்துவிடும். மணிக்கணக்கில் ஆடினாலும் பரிசாகக் கிடைக்கும் ஆயுதங்கள், அதாவது லூட், ஏமாற்றும். அதைச் சீர்செய்யும் திட்டத்தையும் 2021 பிப்ரவரியில் கைவிட்டார்கள். இருந்தும் அந்த ஜாவலின் கவச உடையில் பறப்பது வேறு மாதிரி. ஜெட் சூடேறினால் ஓர் அருவிக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். குளிர்ந்துவிடும், மறுபடி மேலே ஏறலாம். அயர்ன் மேன் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குப் பறத்தலை இவ்வளவு நிறைவாகக் கொடுத்த இன்னொரு கேமை நான் ஆடியதில்லை. இன்று அந்த டிஸ்கைக் கன்சோலில் போட்டால் கன்சோல் அதை வாசிக்கும். காடு, மலை, கோட்டை, இசை, நடிகர்களின் குரல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆனால் உள்ளே போக முடியாது. எதிரி எங்கே நிற்க வேண்டும், பணி எந்தக் கட்டத்தில் இருக்கிறது, ஆடுபவரின் பெட்டியில் எந்த ஆயுதம் இருக்கிறது என்பதையெல்லாம் தீர்மானிக்கும் பகுதியை நீங்கள் உங்கள் கணினியில் வைத்துக்கொண்டீர்கள். யாரையும் சேர்த்துக்கொள்ளாமல் தனியாகக் கதையை மட்டும் ஆடுபவருக்கும் இதே கதிதான்.

எனவே முதலிலேயே கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். விற்பனையை நிறுத்துங்கள், புதிய உள்ளடக்கம் தர வேண்டாம், நஷ்டமானால் சர்வரையும் அணையுங்கள். அணைப்பதற்கு முன், விலை கொடுத்து வாங்கியவர்கள் தம் செலவில், தம் பொறுப்பில் தொடர்ந்து ஆடக்கூடிய நிலையில் கேமை விட்டுச் செல்லுங்கள். இணையம் இல்லாமல் ஆடும் ஆஃப்லைன் முறையாக இருக்கலாம், சர்வர் மென்பொருளை எங்களிடம் கொடுப்பதாக இருக்கலாம். வழி உங்கள் விருப்பம்.

காலத்துக்கும் சர்வர் நடத்தச் சொல்கிறோம் என்று இந்தக் கோரிக்கையைத் திரித்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி நாங்கள் எங்கும் கேட்கவில்லை. கடையை மூடுவது உங்கள் உரிமை. மூடும் நாளில் எங்கள் வீட்டுக்குள் வந்து நீங்கள் விற்ற பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு போவதைத்தான் தடுக்கச் சொல்கிறோம்.

யூபிசாஃப்ட் அதையே செய்தது. 2014 டிசம்பரில் விற்பனைக்கு வந்த தி க்ரூ கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. சில நாட்களில், வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையே திரும்ப எடுத்துக்கொண்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி வரைந்த அந்தப் பெருஞ்சாலைகளில் தனியாகக் கார் ஓட்டிப் பார்க்கவும் வழியில்லாமல் போனது. அந்த ஏப்ரலில் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் எங்கே போய் நின்றது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்திடம் சட்டம் கேட்டு மக்கள் கொடுக்கும் மனுவான ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சிக்குத் தேவையான 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டி அது ஐரோப்பிய ஆணையத்தின் கதவுக்குப் போயிருக்கிறது. யூபிசாஃப்டும் க்ரூ வரிசையின் அடுத்த இரண்டு கேம்களுக்கு ஆஃப்லைன் முறை தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. முடியாது என்று இருந்தது, கூச்சல் எழுந்ததும் முடிந்தது.

2025 ஜூலையில் உங்கள் அமைப்பு வெளியிட்ட அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சர்வரை நிறுத்துவது இலேசாக எடுக்கும் முடிவல்ல என்கிறீர்கள். நம்புகிறேன். தனியார் சர்வர்களில் ஆடினால் ஆடுபவர்களின் தரவுக்குப் பாதுகாப்பு இருக்காது, தவறான உள்ளடக்கத்தை நீக்க ஆளிருக்காது, கேமின் உரிமையாளர்கள் சட்டச் சிக்கலில் மாட்டலாம் என்கிறீர்கள். பல கேம்கள் அடித்தளத்திலிருந்தே ஆன்லைனுக்காகக் கட்டப்பட்டவை, மாற்றச் செலவு தாங்காது என்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு. அந்தப் பதில்கள் உங்கள் துறையின் வரலாற்றிலேயே இருக்கின்றன.

சிட்டி ஆஃப் ஹீரோஸை எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர்ஹீரோ கேம் என்றால் எங்களில் பலர் இன்றும் முதலில் சொல்லும் பெயர் அது. 2004 ஏப்ரலில் வந்தது. அதில் ஸ்பைடர்மேனோ பேட்மேனோ கிடையாது. நாயகனை நீங்களே உருவாக்க வேண்டும். முகமூடி, அங்கி, நிறம், சக்தி, பெயர், அவர் எப்படிச் சூப்பர்ஹீரோ ஆனார் என்ற கதை வரை ஆடுபவரே எழுதலாம். 2009-இல் மிஷன் ஆர்க்கிடெக்ட் என்ற வசதி வந்தபின் பணிகளையும் ஆடுபவர்களே எழுதி மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் வைத்திருந்தது யாரோ வரைந்து கொடுத்த பாத்திரத்தை அல்ல. தாமே படைத்ததை.

2012 ஆகஸ்ட் இறுதியில் ஒரு நாள், கேமைக் கவனித்துவந்த ஸ்டூடியோவும் மூடப்படுகிறது, கேமும் முடிகிறது என்று அதை வெளியிட்ட தென்கொரியாவின் என்சிசாஃப்ட் அறிவித்தது. ஆடுபவர்கள் மனுப் போட்டார்கள், கடிதம் எழுதினார்கள். கேமுக்குள்ளேயே அட்லஸ் பார்க் சதுக்கத்தில், உலக உருண்டையைத் தாங்கி நிற்கும் சிலையின் அடியில், ஆயிரக்கணக்கான நாயகர்கள் தீப்பந்தம் ஏந்திக் கூடி நின்றார்கள். நவம்பர் 30-இல் எல்லாம் அணைந்தது. எட்டு ஆண்டுகளாக ஒரே குழுவாக ஆடியவர்களின் சந்திப்பு இடம் போனது. எழுதிய கதைகள் போயின. உடல்நலம் இல்லாமல் வீட்டோடு இருந்தவர்களுக்கும், ஊர்விட்டு ஊர் போனவர்களுக்கும் மாலை நேரத்தில் பேசக் கிடைத்த ஒரே கூட்டம் கலைந்தது. இதைப் பணத்தால் ஈடுகட்ட முடியுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். வேறு கேமுக்குப் போங்கள் என்றார்கள். போனார்கள். ஆனால் தான் உருவாக்கிய நாயகனை அங்கே கூட்டிக்கொண்டு போக முடியாதே.

அதன்பின் நடந்ததுதான் உங்கள் அறிக்கைக்கான பதில். சில ரசிகர்கள் அந்த கேமை ரகசியமாகத் தனி சர்வரில் ஓட்டிக்கொண்டிருந்தது 2019-இல் வெளியே தெரிந்தது. சர்வர் நிரல் பொதுவெளிக்கு வந்தது. ஹோம்கமிங் என்ற தன்னார்வலர் குழு, ஆடுபவர்களின் நன்கொடையில் சர்வர் நடத்தியது. ஒழுங்கு விதிகளை அவர்களே வைத்தார்கள், மீறியவர்களை அவர்களே கண்டித்தார்கள், புதிய உள்ளடக்கமும் செய்தார்கள். கடைசியில் 2024 ஜனவரியில் என்சிசாஃப்டே அவர்களுக்கு முறையான உரிமம் கொடுத்தது. தரவு, ஒழுங்கு, சட்டப்பொறுப்பு என்று நீங்கள் அடுக்கும் எல்லாக் கவலைகளோடும் ஒரு பெரிய நிறுவனம் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் எழுத முடிந்திருக்கிறது. 2012-இல் அந்த ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தால் நடுவில் போன ஆண்டுகள் யாருக்கும் போயிருக்காது. அந்தக் காத்திருப்பின்போது இறந்தவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு எந்த உரிமமும் திரும்பத் தரப் போவதில்லை.

ஆன்லைனுக்கென்றே கட்டப்பட்டது என்ற வாதத்துக்கு வருகிறேன். சூசைட் ஸ்குவாட்: கில் தி ஜஸ்டிஸ் லீக் 2024 பிப்ரவரியில் இணையம் இல்லாமல் அசையாத கேமாக வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதை உருவாக்கிய ராக்ஸ்டெடி அதற்கு ஆஃப்லைன் முறை கொடுத்தது. நாக்அவுட் சிட்டி என்ற சிறிய கேம் 2023-இல் மூடப்பட்டபோது, கணினியில் தனியார் சர்வர் நடத்தும் பதிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்தெம்மின் நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்த மார்க் டாரா, வெளியீட்டுக்குச் சில மாதம் முன்புவரை உள்ளூர் சர்வரில் ஓடும் நிரல் அவர்களிடம் இருந்தது என்று சொல்லியிருக்கிறார். அதை மீட்கச் செலவாகும், உழைப்பு வேண்டும், மறுக்கவில்லை. விற்கத் தொடங்கும் முன்பே முடிவைத் திட்டமிட்டிருந்தால் அந்தச் செலவு எவ்வளவு குறைந்திருக்கும்?

சூப்பர்ஹீரோக்களைப் பயன்படுத்தும் உரிமம் முடிந்துவிட்டது, அவர்களின் உரிமையாளர்களான மார்வெலும் டிசியும் அனுமதிக்க மாட்டார்கள் என்பது இன்னொரு காரணம். மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ் 2023 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. முன்பு வாங்கியவர்கள் அதற்குப் பிறகும் ஆடினார்கள், நண்பர்களோடு சேர்ந்தும் ஆடினார்கள். காசுக்கு விற்ற உடைகளையும் போகும்போது எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். சரியாக விற்காத கேமாக இருக்கலாம். விடைபெற்ற விதத்தில் மரியாதை இருந்தது. மார்வெல் ஹீரோஸுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. 2017 ஜூனில் கன்சோலுக்கு வந்த கேமை நவம்பரிலேயே மூடினார்கள், அதுவும் முதலில் சொன்ன தேதிக்கு முன்னதாகவே. இரண்டிலும் ஒரே மார்வெல் நாயகர்கள்தான். எனவே தடையாக நிற்பது உரிமம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதெல்லாம் முன்பு இயல்பாகவே இருந்தது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1996-இல் வந்த குவேக்கை யார் வேண்டுமானாலும் தம் கணினியில் சர்வராக நடத்தலாம். எங்கள் ஊர் ப்ரௌசிங் சென்டர்களில் கவுண்டர்-ஸ்ட்ரைக், லேன் எனும் உள்வலையில் ஓடியது. இணையம் அறுந்து கிடந்த மாலைகளிலும் ஓடியது. ஒரு கணினி சர்வர், மற்றவை அதோடு இணைந்தன. யாரும் உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. எந்தத் தரவும் எங்கும் கசியவில்லை.

இன்று நிலைமை என்ன? கன்சோலில் ஒரு புதிய பெரிய கேமுக்கு இந்தியாவில் சுமார் 5,000 ரூபாய் கேட்கிறீர்கள். பெட்டி வாங்கினால் பல நேரம் உள்ளே முழு கேம் இருப்பதில்லை. சில பெட்டிகளில் பதிவிறக்குவதற்கான சாவி மட்டுமே இருக்கிறது. வாங்கு என்று பொத்தானில் எழுதிவிட்டு, நீ வாங்கியது உரிமம் மட்டும் என்று யாரும் படிக்காத ஒப்பந்தத்தில் எழுதுகிறீர்கள். கலிஃபோர்னியா சட்டம் போட்டு 2025 ஜனவரி முதல் அதைத் தெளிவாகச் சொல்ல வைக்க வேண்டியிருந்தது. சோனியின் கான்கார்டு கேமை வாங்கிய எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது நேர்மையான செயல், அதற்கு நன்றி. ஆனால் ரசிகர்கள் அதைத் திரும்ப ஓடவைத்துக் காட்டிய காணொளிகளைப் பதிப்புரிமை சொல்லி நீக்க வைத்தது எதற்கு? நீங்களே இரண்டு வாரத்தில் கைவிட்ட கேம் அது. அதை உருவாக்கிய கலைஞர்களின் பல ஆண்டு உழைப்பை யாரும் பார்க்கவே கூடாதா?

எங்கள் குழுக்களில் பேச்சே மாறிவிட்டது. முன்பெல்லாம் ட்ரெய்லர் வந்தால் யார் நடித்திருக்கிறார், எந்த காமிக்ஸ் கதை, எந்த வில்லன் என்று விடிய விடிய அலசுவோம். இப்போது முதல் கேள்வி, "ஆஃப்லைன்ல ஓடுமா?" வுல்வரின் போன்ற ஒற்றையாள் கேம் என்றால் நிம்மதியாக அரட்டை தொடரும். எப்போதும் ஆன்லைன் என்று தெரிந்தால், "ரெண்டு வருஷம் ஓடட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று பாதிப் பேர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கினால் ஆட்கள் குறைகிறார்கள், ஆட்கள் குறைந்ததால் மூடுகிறோம் என்கிறீர்கள். முன்பதிவு செய்ய எங்களுக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தை உண்டாக்கியது நீங்கள் மூடிய ஒவ்வொரு கேமும்தான்.

கோபத்தில் கோரிக்கையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன், பொறுத்தருளுங்கள். கேட்பது இவ்வளவே. இனி விற்கும் ஒவ்வொரு ஆன்லைன் கேமுக்கும், சேவை நின்றபின் வாங்கியவர்கள் எப்படி ஆடலாம் என்ற திட்டத்தை உருவாக்கத்தின் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ளுங்கள். அந்தத் திட்டத்தைப் பெட்டியின் மீதும், கடைப் பக்கத்திலும் விலைக்குப் பக்கத்தில் அச்சிடுங்கள். ஏற்கெனவே மூடியவற்றில், நீங்கள் திரும்பத் தொடப் போவதில்லை என்று முடிவெடுத்தவற்றையாவது, ஹோம்கமிங்குக்குக் கிடைத்ததுபோல் ஓர் உரிமம் எழுதி, நடத்தத் தயாராக இருப்பவர்களிடம் கொடுங்கள். அன்தெம்மிலிருந்து தொடங்கலாம். ஐரோப்பிய ஆணையம் கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்காமல் உங்கள் விருப்பத்தோடு இதைச் செய்தால் முதலில் பாராட்டுவது நாங்களாகத்தான் இருப்போம்.

தயவுசெய்து, நாங்கள் வாங்கியதை எங்களிடம் விட்டுவிட்டுப் போங்கள். இந்த மடலுக்கு உங்கள் அமைப்பின் பதிலைப் பணிவுடன் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கேம்களை விலை கொடுத்து வாங்கி ஆடும் தமிழ் ரசிகர் ஒருவர்