எல்.சி.யைக் காட்டினால்தான் கடன்

அன்புள்ள கயலுக்கு,

கூலி மலிவு என்பதால்தான் தென்கொரியா வளர்ந்தது என்று எழுதியிருந்தாய். அது பாதிக் காரணம்கூட இல்லை, கண்ணு. 1960களில் கூலி மலிவாக இருந்த நாடுகள் எத்தனையோ இருந்தன. கொரிய அரசு சலுகையை எதைப் பார்த்துக் கொடுத்தது என்று கவனி.

அந்தக் காலத்தில் சவுரிமுடி செய்த ஒரு கொரியப் பட்டறையை எடுத்துக்கொள். அமெரிக்க வியாபாரி ஆர்டர் கொடுத்து எல்.சி. திறக்கிறார். சரக்கு அனுப்பினால் பணம் நிச்சயம் என்று அவருடைய வங்கி தரும் உறுதிக் கடிதம்தான் எல்.சி. அதை வங்கியில் காட்டினால் கடன் தானாகக் கிடைக்கும். 1965க்குப் பிறகு மற்றவர்களுக்கு வட்டி 26 சதவீதம், ஏற்றுமதிக்காரருக்கு ஆறேழுதான். மூலப்பொருளுக்குச் சுங்க வரி கிடையாது. சேதாரம் என்று கொஞ்சம் கூடுதலாகவே இறக்கலாம். மிச்சம் பிடித்ததை உள்ளூரில் நல்ல விலைக்கு விற்கலாம். அயல்நாட்டுக்காரர் தரம் பார்த்து வாங்கினால்தான் எல்.சி. வரும், அது வராவிட்டால் இந்தச் சலுகை எதுவும் இல்லை. அதிகாரியின் தயவு மட்டும் போதாது என்பதுதான் இதன் பலம்.

இதற்கு முன்பே அடித்தளம் போட்டாகிவிட்டது. 1950 நிலச் சீர்திருத்தம் ஒரு குடும்பத்துக்குச் சுமார் 3 ஹெக்டேர் என்று வரம்பு கட்டியது. 1964இல் கொரிய நாணயமான வானின் மதிப்பைக் குறைத்து, டாலருக்கு 130 வான் என்றிருந்ததை 255 ஆக்கினார்கள். அது நடக்காமல் ஏற்றுமதி கட்டுப்படியாகியிருக்காது. அந்த ஆண்டு 10 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 1977இல் 1,000 கோடியைத் தொட்டது. ஆனால் அந்தத் தொகையை மட்டும் பார்த்து மயங்காதே. இறக்கிய மூலப்பொருளின் விலையைக் கழித்துப் பார்த்தால்தான் நாட்டில் தங்கியது எவ்வளவு என்று தெரியும்.

1973இல் கனரகத் தொழில்களுக்குத் திரும்பியபோது கடன் கொடுக்கும் முறையே மாறிப்போனது. ஆர்டர் வருவதற்கு முன்பே, திட்டத்தை நம்பிப் பணம் போனது. போஹாங் உருக்காலை தேறியது. வேறு பல ஆலைகளில் இயந்திரம் இருந்தும் வேலை இல்லை. கடன் ஏற, எண்ணெய் விலையும் சேர்ந்துகொள்ள, 1980இல் உற்பத்தியே சுருங்கியது.

கூலியைப் பற்றி எழுதும்போது தையல் தொழிலாளி சோன் தே-இல் பெயரை விட்டுவிடாதே. சியோல் பியோங்குவா சந்தைத் தையல் கூடங்களில் கூரை தலையில் இடிக்கும். சின்னப் பெண்கள் அங்கே நாளெல்லாம் குனிந்து தைத்தார்கள். தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்தக் கேட்டு, 1970 நவம்பரில் சோன் தே-இல் தனக்குத் தீ வைத்துக்கொண்டார். வயது 22. கூலி மலிவாக இருந்தது தானாக அல்ல, சங்கம் வைக்க விடாமல் அமுக்கி வைத்ததால்.

அன்புடன்,
அப்பா